ஐந்து நட்சத்திர வீட்டில் ஓர் ஓட்டை

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், வீடும் நலம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளேயோ ஏசி இல்லாமல், மின்விசிறிகூட ஓடாமல் சில்லென்று இருக்கிறது. அங்கு தாங்களும் தங்கள் மனைவி மக்களும், தற்சமயம் தங்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் தங்கள் அக்காவும் சுகம்தானா என்று அறிய ஆவல். யாருக்கெல்லாம் வியர்க்கிறது என்றும் விவரமாக எழுதவும்.

தங்கள் அக்கா என்னிடம் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாகத் தாங்கள் நினைப்பது நேற்று போனில் பேசியபோது தெரிந்தது. கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. நடந்தது முழுக்க முழுக்க வெப்பம் சம்பந்தப்பட்ட விஷயம். நான் நிதானமாக எழுதுகிறேன். தாங்களும் அதை நிதானமாக அவளுக்கு எடுத்துச் சொல்லி வண்டி ஏற்றி அனுப்பிவைக்க வேண்டியது. அவசரம் ஒன்றும் இல்லை.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே என் வாயிலிருந்து வந்ததெல்லாம் இரண்டே வாக்கியம். உள்ளே வருகிறவனிடம் "கதவைச் சாத்து", வெளியே போகிறவனிடம் "கதவைச் சாத்திட்டுப் போ". முதலாளிக்கும் அதே மரியாதைதான். கடைசியில் என் பெயரே 'சாத்து சார்' என்று ஆகி, ஓய்வு பெற்ற அன்று வெட்டிய கேக்கிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்டவன் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினால் எப்படிக் கட்டுவான்? வெயில் வாங்கும் கிழக்கு, மேற்குச் சுவர்களைக் குட்டையாக்கி, நீளப் பக்கங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தேன். இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் சூட்டைத் தடுக்கும் அட்டையைச் செருகினேன். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன், காக்கா உட்கார வந்தால் கண் கூசித் திரும்பிப் போகிறது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அதுவும் எங்கள் கிடங்குக் கதவு மாதிரியே வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. எல்லாம் எதற்கு? வீட்டின் வெப்பத் தடுப்பை அளந்து ஐந்து வரைக்கும் நட்சத்திரம் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த ஐந்தும் எனக்கு வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசு வாங்கியதில்லை, வயதான காலத்தில் இதாவது வாங்கலாமே என்று ஆசைப்பட்டேன். இது தப்பா?

தங்கள் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. சமையலறையின் மேற்குச் சுவரில், பழைய வீட்டில் இருந்த இடத்திலேயே ஒரு ஜன்னல். அந்தப் பக்கம் தையற்காரம்மாவின் வீடு. அவர் மிஷினை ஓட்டிக்கொண்டும் இவள் காய் நறுக்கிக்கொண்டும் ஜன்னலுக்கு ஜன்னல் ஊர்க்கதை பேசியது தங்களுக்கும் தெரியும்.

"மேற்கு வெயில் மொத்தமும் உள்ள இறங்கிடுமே," என்றேன்.

"வெயிலோட சேர்ந்து அவங்க குரலும் வரும்ல," என்றாள்.

"அதான் போன் இருக்கே?"

"போன்ல பேசணும்னா பேசறதுக்கு விஷயம் இருக்கணுங்க. ஜன்னல்ல பேச விஷயமே வேண்டாம்."

விஷயமே இல்லாத பேச்சுக்காக ஒரு நட்சத்திரத்தை விடச் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். ஜன்னல் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றுவிட்டாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தங்கள் அக்கா ஒரே பேச்சில் சரி என்றதாகச் சரித்திரமே இல்லை.

வீடு முடிந்து மதிப்பீடு செய்ய ஒரு பெண் வந்தாள். எல்லா ஜன்னலையும் மூடச் சொல்லி, வாசற்கதவு இருக்கும் இடத்தில் பெரிய காற்றாடி ஒன்றைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்க விட்டாள். பிறகு புகை வருகிற குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தாள். புகை நேராக எழும்பினால் சுவர் பத்திரம், ஆடினால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கூடத்தில் ஆடவில்லை, படுக்கையறையில் ஆடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெண்ணே அசந்துபோய், "சார், இதுல யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்டாள். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். சமையலறை மேற்குச் சுவருக்குப் போனதும் புகை தலைவிரித்து ஆடியது. டப்பாக்களை நகர்த்திப் பார்த்தால், தேங்காய் மூடி அளவுக்கு ஓர் ஓட்டை, துணி வைத்து அடைத்திருக்கிறது!

"தண்ணிக் குழாய்க்குன்னு கொத்தனார்கிட்ட சொல்லி விட்டு வெச்சேன்," என்றாள் தங்கள் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நானும் நம்பியிருப்பேன். காற்றாடியை நிறுத்தின அதே சமயம் அந்த ஓட்டை வாய் திறந்து, "அக்கா, அந்த மனுஷன் மாடிக்குப் போயிட்டாரா? பேசலாமா?" என்று கேட்டது.

நான் கத்தவில்லை. நுரை அடிக்கிற டப்பாவை எடுத்து வந்து புஸ்ஸென்று அடித்தேன். நுரை பொங்கி, இறுகி, ஓட்டை அடைபட்டது. மறுபடி காற்றாடி, மறுபடி புகை. ஐந்து நட்சத்திரம்! பளபளவென்று ஒரு தகடு கொடுத்தார்கள், வாசலில் மாட்டியிருக்கிறேன். மறுநாள் காலையில் தங்கள் அக்கா பையோடு வந்து நின்றாள்.

"எங்கே?"

"தம்பி வீட்டுக்கு. கொஞ்ச நாள் வேர்த்துட்டு வரேன்."

அதற்கு நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, அது முக்கியமும் இல்லை. அவள் போய்விட்டாள். இதுதான் நடந்தது. இதில் என் தப்பு எங்கே வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சமையல் நானேதான். போன வாரம் வெங்காயம் வதக்கினேன், அந்த வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, ஒருவகையில் துணைக்கு இருக்கிறது. வாசனை போகட்டும் என்று புகைபோக்கி மின்விசிறியைப் போட்டால், அது உள்ளே இருக்கும் காற்றை இழுக்க இழுக்க வாசற்கதவு சட்டத்தோடு அப்பிக்கொள்கிறது. பார்சல் கொண்டுவந்த ஆள் வெளியிலிருந்து இழுக்கிறான், நான் உள்ளேயிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளுகிறேன், கதவு அசையவே இல்லை. அவன் ஏதோ கத்துகிறான், இரட்டைக் கண்ணாடியில் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டான். மற்றபடி நிம்மதிதான். வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. நேத்து நானே இருமிட்டு, யாருடா அதுன்னு நானே திரும்பிப் பார்த்தேன் மச்சான். உன் வீடு ஒரு சல்லடைன்னு நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கேன், இல்லேங்கலை. ஆனா நேத்து உன்கூடப் போன்ல பேசறப்போ பின்னாடி குழந்தைங்க சத்தம், மிக்ஸி சத்தம், அதுக்கு நடுவுல உங்க அக்கா சிரிக்கற சத்தம், எல்லாம் கேட்டுது. என்ன சொல்லிச் சிரிச்சான்னு கேக்கணும்னு நெனச்சேன், கேக்கலை.

எப்படியோ, விஷயத்தை அவளுக்குப் பக்குவமாக விளக்கவும். தப்பு செய்தவன் நான் இல்லை, மேற்கு வெயில். தங்கள் குழந்தைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர வேண்டும், தங்கள் வீட்டில் வெக்கை தணிந்து வியர்வை குறைய வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள அத்தான்,
சாத்து.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள். கடித உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். அந்த நுரை அடைத்த இடம் கண்ணில் பட்டது. திருப்புளியை எடுத்துக் குடைய ஆரம்பித்துவிட்டேன், ஏன் என்று கேட்காதே. கடைசித் துண்டு விழுந்ததும் அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மிஷின் நின்றது.

"அக்கா! வந்துட்டீங்களா!"

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஓட்டைக்கு நேராக வாயை வைத்தேன்.

"நான்தாம்மா," என்றேன்.

அப்புறம், "அக்கா போன்ல அழுதாங்க சார். பையைத் தூக்கிட்டு வாசல்ல நின்னப்போ, கதவைச் சாத்திட்டுப் போன்னு சொன்னீங்களாமே?" என்றார்.

"பழக்கதோஷம்மா. உள்ள இருக்கற குளுமை வெளியே போயிடுமேன்னு..."

"குளுமை எங்கேயும் போகலை சார். அக்காதான் போயிட்டாங்க."

அப்புறம் அவர் மிஷினை ஓட்ட, நான் ஸ்டூலைப் போட்டு ஓட்டைப் பக்கம் உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சத்தியமாக ஒரு விஷயமும் இல்லை. மதிப்பீடு செய்த பெண்ணுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். ஒரு நட்சத்திரம் குறையும் சார் என்றாள். குறைச்சுக்கோம்மா, அந்த இடத்துல ஜன்னலே வைக்கப்போறேன், வேணும்னா இன்னொண்ணும் சேர்த்துக் குறைச்சுக்கோ என்றேன்.

அவசரம் இல்லை என்று எழுதியிருந்தேனே, அது பொய். அவசரம்தான் மச்சான். அக்காகிட்ட வேற ஒண்ணும் விளக்க வேண்டாம், இதை மட்டும் சொல்லு. வாசக்கதவைத் திறந்து போட்டிருக்கேன். வெக்கை உள்ள வந்தாச்சு, தெருப் பூனை ஒண்ணு உள்ள வந்தாச்சு, எனக்கும் நல்லா வேர்க்குது. நான் சாத்தறதா இல்லை. அவ உள்ள வந்து அவ கையால சாத்தட்டும்.