அதிர்ச்சித் தோல்வித் தடுப்புத் திட்டம்

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் பேர்போன சாம்பியன் பேரில்லாத ஆளிடம் தோற்கும் அவலம் சென்ற தை மாதத்தோடு உலகிலிருந்து ஒழிந்தது. ஒழித்தவர் சேலத்தைச் சேர்ந்த காளியண்ணன். உலகம் இதை இன்னும் அறியவில்லை. அது உலகத்தின் குறை.

காளியண்ணன், மலையடிவாரக் குத்துச்சண்டை வளர்ச்சிக் கழகத்தின் செயலாளர். வாழ்நாளில் ஒரு முறையும் குத்துச்சண்டைக் கையுறை அணிந்ததில்லை. அணிந்தால் கோப்பில் கையெழுத்துப் போட முடியாது.

மூன்று ஆண்டுகள் அவர் செல்பேசியில் அதிர்ச்சித் தோல்விகளை மட்டுமே பார்த்தார். பார்த்து முடித்ததும் அறுபத்து நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினார். அதன் சாரம் இது: சாம்பியன் எதிராளியிடம் தோற்பதில்லை. சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே தன் படுக்கையில் தோற்றுவிடுகிறான். ஓட வேண்டிய காலையில் தூங்குகிறான். எதிராளி சின்ன ஆள் என்று கேள்விப்பட்டதும் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கிறான். கடைசிச் சுற்றில் மூச்சு அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

இது முழு உண்மை. அறிக்கையில் வேறு எதுவும் உண்மையில்லை என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோய் தெரிந்தபின் மருந்து எளிது. கழகத்தின் சாம்பியன் விக்னேஷை ஏற்காட்டுக்கு அனுப்புவது. ஐயாயிரம் அடி உயரம். மெலிந்த காற்று. நாற்பது நாள் பயிற்சி. நாற்பத்தொன்றாம் நாள் ஏற்காட்டிலேயே சண்டை. விக்னேஷ் வென்றால் அங்கே அரசு "உயர்மலைப் பயிற்சி மையம்" ஒன்றை அமைக்கும். மையத்துக்கு ஓர் இயக்குநர் தேவைப்படுவார். சண்டையைப் பார்வையிடச் சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் வருவார்.

காளியண்ணன் பெயர்ப்பலகை செய்து வைத்துவிட்டார். "காளியண்ணன், இயக்குநர்". பித்தளை. பீரோவில் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. தினமும் காலையில் எடுத்துத் துடைத்தார். அதற்குமேல் அவருக்கு வாழ்க்கையில் வேண்டுவது ஒன்றுமில்லை.

விக்னேஷுக்கு வயது இருபத்து நான்கு. எடை நூற்றெட்டுக் கிலோ. பதினோரு சண்டைகளில் தோல்வியே கண்டதில்லை. அவற்றில் ஏழில் எதிராளி வரவில்லை.

ஏரிக்கரையை ஒட்டிய விடுதி ஒன்றில் முகாம் தொடங்கியது. பயிற்சியாளர் அங்கப்பன், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். சமையலுக்குப் பக்கத்துக் கிராமமான மஞ்சக்குட்டையிலிருந்து பாவாயி. அவள் புருஷன் பொன்னுவேல் பயிற்சி ஜோடி. அதாவது சாம்பியனின் குத்துகளை வாங்கிக்கொள்ள ஓர் ஆள். முப்பத்திரண்டு வயது, ஆறடி உயரம். எஸ்டேட்டில் பள்ளத்திலிருந்து ஜீப் ரோட்டுக்குக் காபி மூட்டை ஏற்றுகிற வேலை. திட்ட அறிக்கையில் அவன் "உபகரணங்கள்" என்ற தலைப்பின்கீழ் வந்தான். கயிறு நான்கு. மணல் மூட்டை இரண்டு. பொன்னுவேல் ஒன்று.

முதல் நாள் காலை ஆறு மணி. பனிமூட்டம். இதயத்துடிப்பை அளக்கும் கைக்கடிகாரத்தை விக்னேஷ் கழற்றினார்.

"அண்ணா, இத நீங்க கட்டிக்கங்க. எனக்குக் கை அரிக்குது."

"என்னத்துக்குங்க சாமி?" என்றான் பொன்னுவேல்.

"சேர்வராயன் கோயில் வரைக்கும் ஓடிட்டு வாங்க. எவ்வளவு ஓடுனீங்கன்னு அது எழுதிக்கும்."

"யார் பேர்லீங்க எழுதும்?"

"என் பேர்லதான்."

பொன்னுவேலுக்கு விளங்கிவிட்டது. எஸ்டேட்டில் இதற்கு மாத்தாள் என்று பெயர். ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் தம்பியோ மச்சானோ வந்து அவன் பெயரில் மூட்டை தூக்குவான். கணக்கெழுதும் ரைட்டர், செக்ரோல் என்கிற ஆஜர் புத்தகத்தில் காய்ச்சல்காரனுக்கே ஆஜர் போடுவார். மூட்டை ரோட்டுக்கு வந்ததா என்பதே அவர் கேள்வி. இதில் பொய் எதுவும் இல்லை. வேலை நடந்திருக்கிறது. பெயரும் இருக்கிறது.

பொன்னுவேல் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடினான். விக்னேஷ் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அன்று முதல் பயிற்சி செம்மையாக நடந்தது. ஓடுவது பொன்னுவேல். ஏரித் தண்ணீரில் கழுத்தளவு நிற்பது பொன்னுவேல். மூட்டை தூக்கி மேடேறுவது பொன்னுவேல். அதை அவன் எப்படியும் செய்வான். அங்கப்பன் கையில் மெத்தைப் பலகை கட்டிக்கொண்டு "இடது, இடது, வலது" என்று சொல்லித்தருவதும் பொன்னுவேலுக்குத்தான். விக்னேஷ் நாற்காலியில் சாய்ந்து அதைக் கவனித்தார். திட்டத்தில் இது "மனக்காட்சிப் பயிற்சி".

சாப்பாடும் அப்படியே. ஒரு நாளைக்குப் பதினான்கு முட்டை, ராகிக் களி, நாட்டுக்கோழி. உப்பு குறைவு. விக்னேஷ் முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சூடாகக் கிடைக்கிறது. தட்டு பொன்னுவேல் பக்கம் நகர்ந்தது. அதுவும் அவர் பெயரில்தான்.

காளியண்ணன் சேலத்து அலுவலகத்தில் இருந்தார். கடிகாரம் அனுப்பும் வரைபடம் தினமும் அவர் செல்பேசிக்கு வந்தது. ஓய்வில் இதயத்துடிப்பு எழுபத்திரண்டு. பத்தாம் நாள் அறுபத்து நான்கு. இருபதாம் நாள் ஐம்பத்தாறு. அவர் கண்கலங்கினார். "சாம்பியனின் இதயம்" என்று எழுதிச் சென்னை அதிகாரிக்கு அனுப்பினார். அதிகாரி கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். காளியண்ணன் அதை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தார்.

சனிக்கிழமைகளில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நேரில் ஆய்வு செய்தார்.

"பயிற்சி எப்படிங்க போகுது?"

"பயிற்சி நொம்ப நல்லாப் போகுதுங்க" என்றார் அங்கப்பன்.

"விக்னேஷ்?"

"அவரும் நல்லா இருக்காருங்க."

இவை இரண்டு தனித்தனி வாக்கியங்கள் என்பது காளியண்ணனுக்குத் தோன்றவில்லை. விக்னேஷ் மூட்டை சுமப்பதைப் படம் எடுத்துக்கொண்டார். மூட்டைக்குள் காபித் தோல்தான் இருந்தது. படத்தில் எடை தெரியாது.

சமையலறையில் பாவாயி மட்டும் ஒரு புகார் சொன்னாள்.

"ஏனுங்க சார், அந்தப் பெங்களூர்க்காரரு பேசற டேப்ப நிறுத்தச் சொல்லுங்க."

"ஏம்மா? அது பெங்களூர் நிபுணர் பேசிப் பதிவு பண்ணிக் குடுத்த மனத்திடப் பயிற்சி. 'நான் புயல், என்னை யாராலும் தடுக்க முடியாது'ன்னு தினமும் நூறு தடவ கேக்கணும்."

"அந்தத் தம்பி தூங்குதுங்க. எங்கூட்டுக்காரருதான் போனச் சேப்புல போட்டுக்கிட்டுத் திரியறாரு. நேத்து ஊட்டுல மாட்டுக்கிட்டப் போயி 'நான் புயல்'ங்கறாருங்க. மாடு பாலே குடுக்கல."

காளியண்ணன் சிரித்தார். கிராமத்து மக்களின் வெள்ளந்தித்தனம் என்று அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தார்.

முப்பத்தெட்டாம் நாள் இடி விழுந்தது. விக்னேஷோடு மோத வேண்டிய ஆத்தூர்க்காரருக்கு அம்மை போட்டுவிட்டது. அதிகாரி புறப்படத் தயாராகிவிட்டார். சண்டை இல்லையென்றால் வெற்றி இல்லை. வெற்றி இல்லையென்றால் மையம் இல்லை. பித்தளை பீரோவிலேயே பச்சை பூக்கும்.

விதிப்படி எதிராளி தொண்ணூறு கிலோவுக்குமேல் இருக்க வேண்டும். காளியண்ணன் ஏற்காடு முழுக்க ஜீப்பில் சுற்றினார். அந்த எடையில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பேக்கரி முதலாளி, சர்க்கரை நோயாளி. இன்னொருவன் பொன்னுவேல். முகாமுக்கு வந்தபோது எண்பத்து மூன்று கிலோ. இப்போது தொண்ணூற்று நான்கு.

"பாருங்க அங்கப்பன்," என்றார் காளியண்ணன் பெருமையாக. "நம்ம திட்டம் எதிராளியக்கூடத் தயார் பண்ணிருக்கு."

"ஆமாங்க," என்றார் அங்கப்பன். வழக்கத்தைவிட நீண்ட நேரம் அவரைப் பார்த்தார்.

பொன்னுவேலை அழைத்தார்கள்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் பொன்னுவேலு. மூணு சுத்து நின்னாப் போதும்."

"சரிங்க. யார் பேர்லீங்க நிக்கறது?"

"இதென்ன கேள்வி? உன் பேர்லதான்."

"நெசமாலுமேங்களா?"

"நோட்டீஸே அடிச்சாச்சு."

பொன்னுவேல் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸின் முன்னால் போய் நின்றான். விக்னேஷ் பெயர் பெரிய எழுத்தில். கீழே சின்னதாக: எதிர், பொன்னுவேல், மஞ்சக்குட்டை. செக்ரோலுக்கு வெளியே தன் பெயரை அவன் பார்ப்பது அதுவே முதல் முறை. ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை நின்றான்.

சண்டை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. மஞ்சக்குட்டையிலிருந்து இரண்டு ஜீப் ஆட்கள் வந்தார்கள். அதிகாரி முன்வரிசையில். அவருக்குப் பக்கத்தில் காளியண்ணன். மடியில் செய்தித்தாள் சுற்றிய பித்தளை.

முதல் சுற்றில் விக்னேஷ் எட்டுக் குத்து விட்டார். பொன்னுவேல் அவற்றில் ஏழு குத்தை வாங்கிக்கொண்டான். மூட்டை முதுகில் இறங்கும்போது நிற்பதுபோல, காலைச் சற்று அகட்டி நின்றான். "எங்கள் பையன் அடியில் எப்படி வேகம், பார்த்தீர்களா ஐயா," என்றார் காளியண்ணன்.

இரண்டாம் சுற்றில் விக்னேஷின் வாய் திறந்தது. ஐயாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் என்று அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. விக்னேஷ் அந்தப் பக்கத்தை இப்போதுதான் படித்தார்.

பாவாயி எழுந்து நின்றாள். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கற? மாட்டுக்கிட்டச் சொன்னியே, இங்க சொல்லு!"

பொன்னுவேல் இரண்டு கையுறைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தினான். மூன்றாம் சுற்றில் இடது. இடது. வலது.

விக்னேஷ் உட்கார்ந்தார். நாற்பது நாள் பழகிய நாற்காலி பின்னால் இருப்பதாக நினைத்தவர்போல, நிதானமாக, நம்பிக்கையோடு உட்கார்ந்தார். நடுவர் பத்து எண்ணினார். விக்னேஷ் மனக்காட்சிப் பயிற்சியில் இருந்தார்.

மஞ்சக்குட்டை ஆட்கள் அரங்கின் நாற்காலிகள்மேல் ஏறிவிட்டார்கள். காளியண்ணன் மடியிலிருந்த பொட்டலம் தரையில் விழுந்து கணீரென்றது.

"அதிர்ச்சித் தோல்வி ஆயிற்றே," என்றார் அதிகாரி.

"இல்லைங்க ஐயா. வரைபடத்தைப் பாருங்க. இதயத்துடிப்பு நாற்பத்தொன்பது."

"யாருடையது?"

"விக்னேஷுடையதுங்க."

"இந்த இதயத்தை வைத்துக்கொண்டா உட்கார்ந்தார்?"

இரண்டு பேரும் அங்கப்பனைப் பார்த்தார்கள். அங்கப்பன் பொன்னுவேலின் கையுறையைக் கழற்றி மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அந்த நொடியில் சாதாரண மனிதர் என்றால் முடிந்திருப்பார். விக்னேஷ் பயிற்சி செய்யவில்லை என்றால் செயலாளர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற கேள்வி வரும். செய்தார் என்றால் திட்டம் தோற்றது. காளியண்ணன் குனிந்து பொட்டலத்தை எடுத்தார். நிமிர்ந்தபோது விடை இருந்தது.

"ஐயா, திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி. பயிற்சி பெற்றவர்தான் வென்றிருக்கிறார். ஆனால் பயிற்சி திருடப்பட்டிருக்கிறது."

அதிகாரி யோசித்தார். திருடும் அளவுக்கு மதிப்புள்ள பயிற்சி என்றால் அதைக் காக்க ஒரு மையம் தேவை. மையத்துக்கு ஓர் இயக்குநர் தேவை. ஒப்புதல் அடுத்த வாரமே வந்துவிட்டது.

ஒப்புதல் வந்த மறுநாள் காளியண்ணனே விசாரணை நடத்தினார்.

"நாற்பது நாளும் கழகத்தின் பயிற்சியை நீ எடுத்துக்கொண்டது உண்மையா?"

"நாப்பது நாளும் அந்தத் தம்பி பேர்லதானுங்க ஓடுனேன்," என்றான் பொன்னுவேல். "ஒரு நாள்தானுங்க என் பேர்ல அடிச்சேன்."

"மாற்று ஆளாக வேலை செய்வது குற்றம் என்று தெரியாதா?"

"எஸ்டேட்ல ரைட்டருக்கே தெரியுமுங்க. நீங்க ரைட்டர் மாதிரி பக்கத்துல இருந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமுங்க."

இந்தப் பதில் குறிப்பேட்டில் ஏறவில்லை.

தண்டனையை முடிவுசெய்யக் கழகத்தின் நிர்வாகக் குழு கூடியது. உறுப்பினர்கள் ஏழு பேர். கூட்டம் மிக அமைதியாக நடந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. யாரும் மறுக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கழக வரலாற்றில் இப்படி ஓர் ஒற்றுமை இருந்ததில்லை.

தீர்மானத்தை இயக்குநர் காளியண்ணனே மஞ்சக்குட்டைக்குக் கொண்டுபோனார். பாவாயி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உரக்கப் படித்தாள்.

"'கழகத்துக்குச் சொந்தமான உடற்தகுதியை அனுமதியின்றித் தன் உடலில் வைத்திருந்த குற்றத்துக்காக, மேற்படி பொன்னுவேலின் வெற்றி ரத்து செய்யப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்படுகிறது. மேற்படி உடற்தகுதியைப் பதினைந்து நாளுக்குள் கழகத்திடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒருவர் பெயரில் இன்னொருவர் செயல்படுவதைக் கழகம் வன்மையாகக் கண்டிக்கிறது.'"

கீழே ஏழு கையெழுத்து. பாவாயி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். மீண்டும் முதலிலிருந்து பார்த்தாள்.

"ஏனுங்க சார், ஏழு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துலீங்களா படிச்சாங்க? கடைசீல இழுக்கற வால்கூட ஒண்ணாவே இருக்குதுங்களே."

காளியண்ணன் ஜீப்பைப் பார்த்தார்.

"அன்னிக்கிக் கூட்டத்துக்கு நெசமா வந்தது யாருங்க?"

"உடு பாவாயி," என்றான் பொன்னுவேல். காபி மூட்டையை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். மூச்சுகூட வாங்கவில்லை. "ஏழு ஆளு வேலைய ஒத்த ஆளாப் பாத்திருக்காரு. நொம்பக் களைச்சிருப்பாரு. ரெண்டு முட்ட அவிச்சுக் குடு."