படத்தில் உள்ளபடி ஒரு குடும்பம்

ஓர் ஊரில் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமையானால் தாங்களாகவே ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள் என்றால், அதைக் கண்டும் காணாமல் விட்டுவைப்பது நல்ல நிர்வாகத்துக்கு அழகல்ல. இந்த ஊரில் அப்படித்தான் நெடுங்காலமாக நடந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. புல்லில் விரிப்பைப் போட்டார்கள், டப்பாவில் கொண்டுபோனதைச் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் தண்ணீரில் கல்லை எறிந்தன. வெயில் சாய்ந்ததும் வீட்டுக்குத் திரும்பினார்கள். இத்தனைக்கும் ஒரு கோப்புகூடக் கிடையாது என்று தெரியவந்தபோது நகராட்சி ஆணையருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தெரியவந்தது மேலிடத்துச் சுற்றறிக்கையால். 'ஒவ்வொரு சிறு நகரிலும் குடும்பங்கள் மகிழ்ந்து பொழுதுபோக்கத் தக்க திறந்தவெளி ஒன்று இனங்காணப்பட்டு, முறைப்படுத்தப்பட்டு, ஆய்வுக்கு ஆயத்தமாக வைக்கப்படல் வேண்டும்' என்றது அது. ஆய்வாளர் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வருகிறாராம்.

ஆணையர் உடனே மேற்படியாரைக் கூப்பிட்டார். மேற்படியார் என்பவர் அந்த அலுவலகத்தின் மூத்த எழுத்தர். கோப்பில் எழுதி எழுதிக் கை பழகி, வாய்ப் பேச்சிலும் 'மேற்படி' ஒட்டிக்கொண்டதால் ஊர் வைத்த பெயர் அது. நல்ல மனிதர். எந்தத் தாளையும் கசங்க விடமாட்டார்.

அன்று அவர் முகம் மட்டும் நன்றாகவே கசங்கியிருந்தது. காரணம் காலையில் வீட்டில் நடந்த பேச்சு. அவர் மனைவி தபால் நிலையத்தில் வாரம் ஆறு நாள் கடிதம் பிரிக்கிறவள். மிச்சமிருக்கிற ஒரு நாளில் ஏரிக்கரைக்குப் போகலாம் என்று அவள் சொல்லி நாலு மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் மேற்படியாருக்கு ஏதாவது ஓர் அவசரக் கோப்பு வந்து தொலைத்தது.

"இந்த ஞாயித்துக்கிழமையும் வரலன்னா, நானும் பாப்பாவும் அக்கா வீட்டுக்குப் போறோம். லீவு முழுக்க அங்கதான்," என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். தலை வாரிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அவர்கள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"குடும்பம்னா என்னய்யா?" என்றார் ஆணையர், எடுத்த எடுப்பில்.

"ஒரே வீட்டுல ஒண்ணா இருக்கிறவங்கதான், ஐயா."

"அது எங்க எழுதியிருக்கு?"

சுற்றறிக்கையின் பதினாலு பக்கத்தையும் புரட்டினார்கள். திறந்தவெளி என்றால் என்ன என்பதற்கு மூன்று பக்கம் இருந்தது. மகிழ்ச்சிக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு வரியும் இல்லை. ஆனால் அட்டையில் ஒரு படம் இருந்தது. கோடு போட்ட சட்டையில் அப்பா, குடை பிடித்த அம்மா, ஒரு மகன், ஒரு மகள், கயிறு கட்டிய ஒரு நாய்.

"மேலிடம் சும்மா படம் போடுமா? விளக்கம் இதுதான். எழுதிக்கோ," என்றார் ஆணையர். "பெரியவங்க ரெண்டு, ஆண் குழந்தை ஒண்ணு, பெண் குழந்தை ஒண்ணு, குடை ஒண்ணு, நாய் ஒண்ணு. எல்லாருக்கும் பல்லு தெரியணும்."

"நாய்க்குமா ஐயா?"

"படத்துல வாய் திறந்துதானே இருக்கு? சிரிப்புன்னே எழுது."

மேற்படியார் எழுதினார். 'மேற்படி படத்தில் உள்ளபடி அமையாதோர், மேற்படி இடத்தைப் பொறுத்தமட்டில், குடும்பமாகக் கருதப்படமாட்டார்கள்' என்று முடித்தபோது, வாக்கியம் வந்து விழுந்த அழகில் அவருக்கே ஒரு பெருமை. தனக்கு இருப்பது ஒரே ஒரு மகள் என்பது சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாளே ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி, ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவலாளி. ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. குடைக்கடையில் குடை தீர்ந்தது. கயிறு கட்டினால் பேசாமல் நிற்கிற நாய் ஊரிலேயே மருந்துக்கடைக்காரரிடம்தான் இருந்தது. அதற்கு ஞாயிறு காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை முன்பதிவு முடிந்துவிட்டது. ஐந்து பெண்களைப் பெற்ற தச்சர், நாலு பேரை எங்கே விட்டுவிட்டு வருவது, கூட ஒரு பையனை எங்கே பிடிப்பது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மேற்படியாரின் பக்கத்து வீட்டில் முடிதிருத்துபவர். அவருக்கு இரண்டும் பையன்கள். சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பேச்சை ஆரம்பித்தார்.

"சார், உங்களுக்கு ஒரு பையன் வேணும். எனக்கு ஒரு பொண்ணு வேணும். பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் சின்னவன் உங்ககூட இருக்கட்டும். பன்னெண்டுக்கு மேல உங்க பாப்பா எங்ககூட வரட்டும். பெரியவனை மாமியார் வீட்ல விட்டுடறேன்."

மேற்படியாருக்கு இது விதிக்கு உட்பட்டதாகத்தான் பட்டது. தலையாட்டப் போனார். பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நான் பெத்த பிள்ளையைக் கைமாத்தா குடுக்கப் போறீங்களா?"

"ரெண்டு மணி நேரம்தானே..."

"உங்க மேற்படியை எல்லாம் ஆபீசோட வச்சுக்கோங்க. நாம மூணு பேரு. மூணு பேராத்தான் போறோம்."

அப்படியே போனார்கள். ஞாயிறு காலை பத்து மணி. காவலாளி அவரைப் பார்த்ததும் விறைப்பாகச் சல்யூட் அடித்தார். அடித்த கையோடு எண்ணவும் ஆரம்பித்தார்.

"சார், பையன் ஒண்ணு குறையுது. குடை இல்ல. நாயும் இல்ல."

"என்னப்பா, என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். நீங்க எழுதின விதிதான் சார்." சொல்லிக்கொண்டே ஒரு நிராகரிப்புச் சீட்டைக் கிழித்து நீட்டினார். 'மேற்படி நபர்கள் குடும்பம் அல்லர்' என்று அச்சடித்திருந்தது. கீழே 'காரணம்' என்று ஒரு கோடு.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். பூகம்பம் வரப்போகிறது என்று மேற்படியார் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவியோ விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒம்பது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நல்ல சீட்டுங்க இது," என்றாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம், மரங்களுக்குக் கீழே ஒரு மேட்டுச் சரிவு. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தச்சர் ஐந்து பெண்களோடும் வந்திருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத கணக்கு டீச்சர் தன் அப்பாவோடு வந்திருந்தார். பிள்ளைகள் ஒரு பழைய டயரைச் சரிவில் உருட்டிவிட்டு அதன் பின்னால் ஓடின. சீட்டுகளில் பாதி காகிதக் கப்பலாகிச் சரிவின் அடியில் ஓடிய வாய்க்காலில் மிதந்தது, மீதியில் கடலைத் தொலி குவிந்தது. மேற்படியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். அவித்த முட்டையை மனைவி உரித்துக் கொடுக்கக் கொடுக்கச் சாப்பிட்டார். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே வெட்கமாயிருந்தது.

வேலிக்குள்ளே நாலு குடும்பங்கள் நின்றன. அவர்களுக்கிடையே ஒரே நாய் கைமாறிக்கொண்டிருந்தது. காவலாளி விசில் ஊதினால் பல் தெரியும், நிறுத்தினால் மூடிக்கொள்ளும்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஐந்து நிமிடம் உள்ளே பார்த்தார். பிறகு சாலைப் பக்கம் காதைத் திருப்பினார்.

"அங்க இருக்கிறது யாரு?"

"நிராகரிக்கப்பட்டவங்க, ஐயா," என்றார் ஆணையர்.

"ரொம்ப சிரிக்கிறாங்களே?"

"அனுமதி இல்லாமதான் சிரிக்கிறாங்க, ஐயா. இதோ நிறுத்தச் சொல்றேன்."

"வேண்டாம், வேண்டாம்!" ஆய்வாளர் சாலையைத் தாண்டியே வந்துவிட்டார். மகிழ்ச்சி பற்றிய ஒன்றரைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் பொருந்தியது. "இதுதான்யா இடம்! இந்தச் சரிவுக்கு உடனே வேலி போடுங்க. ஆனா யாரை உள்ள விடறது? இவங்க எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. மேற்படியாருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அடுத்த முட்டையைச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் மேலதிகாரி கேட்டு, விவரம் கைவசம் இருந்து, சொல்லாமல் இருப்பது அவர் ரத்தத்திலேயே இல்லை. எழுந்து நின்றார்.

"எல்லார்கிட்டயும் மேற்படி நிராகரிப்புச் சீட்டு இருக்கு, ஐயா."

"பிரமாதம்! சீட்டு இருக்கிறவங்களுக்கு மட்டும் அனுமதி!"

அவ்வளவுதான். அதுவரை டயர் உருட்டிக்கொண்டிருந்த ஊர் சீட்டைத் தேடிக் கடலைத் தொலியைக் கிளற ஆரம்பித்தது. காகிதக் கப்பல் செய்த பிள்ளைகளின் முதுகில் நாலு விழுந்தது. வேலிக்குள் இருந்த நாலு குடும்பங்களும் நாயை விட்டுவிட்டு ஓடிவந்தன. "சார், இவன் என் பையனே இல்லன்னு எழுதிக் குடுங்க," என்று, யார் வீட்டுப் பெண்ணையோ கூட்டிக்கொண்டு வேலிக்குள் போயிருந்த முடிதிருத்துபவர் சொந்தப் பையனையே கைகாட்டினார். இந்தச் சரிவுக்குப் போன வாரம்வரை ஆடுகூட வந்ததில்லை. அதற்கு ஏன் சீட்டு என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. மேற்படியாரின் மனைவிக்கும் இல்லை.

"நம்ம சீட்டைப் பாப்பா தண்ணியில விட்டுட்டா," என்றாள் பதற்றமாக. "கூட்டம் சேர்றதுக்குள்ள புதுசா ஒண்ணு வாங்கிடுங்க. அடுத்த வாரமும் வரணுமே!"

அடுத்த வாரமும் வரணும் என்று அவள் சொன்னது அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. அக்கா வீட்டுப் பேச்சு ஒழிந்தது என்ற நிம்மதியில், ஆணையர் அடுத்துச் சொன்னதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

சீட்டுக் கேட்டு ஊரே திரளும் என்பதால், சரிவின் வாசலில் ஒரு மேசை போட்டு, அனுபவமுள்ள ஒருவர் காலையிலிருந்து மாலைவரை உட்கார வேண்டியிருந்தது. மறு ஞாயிறு வரிசை தபால் நிலையம்வரை நீண்டது. மேற்படியார் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"குடும்பம் அல்ல என்பதற்குக் காரணம்?"

"அப்பா ஞாயித்துக்கிழமைகூட எங்ககூட வர்றதில்ல."

"செல்லும்," என்று முத்திரையைக் குத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார். மேசை விளிம்பில் மகளின் முகம் தெரிந்தது. பின்னால் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு சரிவுக்கு ஓடினாள்.

அடுத்து நின்ற அம்மாள் தன் மூன்று பிள்ளைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, "சார், எங்களுக்கும் அந்தக் காரணமே போட்டுடுங்க," என்றாள்.