பெல்லுக்காரரின் வாளை

பூசை முடியும் முன்பே ஊர் மொத்தத்தையும் கண்மாய்க்குள் இறக்கிவிட்டவன் நான். அந்தப் பழியைச் சுமந்தவர் பெல்லுக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நீங்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சொல்லாமலே தப்பித்துக்கொள்வேன். பல வருஷம் அப்படித்தான் தப்பித்தேன்.

பெல்லுக்காரரைப் போன்ற ஒரு தூண்டில்காரர் இந்த உலகத்தில் பிறந்ததில்லை. மற்றவர்கள் மீனைப் பிடிப்பதற்காகத் தூண்டில் போடுவார்கள். மீன் கடித்ததைத் தெரிந்துகொள்வதற்காகவே தூண்டில் போட்டவர் அவர் ஒருவர்தான். பிடித்தாரா என்று கேட்டால், எப்போதாவது விரல் நீளக் கெளுத்தி. மற்றபடி ஆமை.

சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் நான் புது வாத்தியார். அங்கே கடைத்தெருவில் பெல்லுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஒன்றிலும் பெல் இருக்காது. பெல் எல்லாம் கண்மாய்க் கரையில் இருக்கும்.

காரணம், அவருடைய தூக்கம். கெளுத்திக்குத் தூண்டில் போடுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். அது அவரிடம் நிறைய இருந்தது. விழித்திருப்பதுதான் முடியாது. கரையில் உட்கார்ந்த மாத்திரத்தில் தலை தொங்கிவிடும். மீன் வந்து இரையைத் தின்று, ஏப்பம் விட்டுப் போன பிறகு கண்ணைத் திறப்பார். அதனால் சைக்கிள் பெல்லைக் கழற்றி, கரையில் குத்திய மூங்கில் கழியில் முடுக்கி, தூண்டில் கயிற்றை பெல்லின் நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். மீன் இழுத்தால் கிணிங் என்று அடிக்கும். எந்தச் சைக்கிளின் பெல் என்பது சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். "ஏழாம் நம்பர் அடிக்குது!" என்று தூக்கத்திலேயே எழுந்து ஓடுவார்.

ஐப்பசிக் காற்றில் ஒரு நாள் அத்தனை பெல்லும் ஒன்றாக அடித்தன. கரை ரோட்டில் போன வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, பின்னால் வரும் சைக்கிள்களுக்கு வழிவிட்டு வெகு நேரம் காத்திருந்தாராம்.

சைக்கிளை வாடகைக்கு எடுத்தவர்கள் கதிதான் பரிதாபம். தெருவில் போகும்போது வாயாலேயே "கிணிங், கிணிங்" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். கேட்டால், "ஆண்டவன் கொடுத்த வாயி எதுக்குத் தம்பி இருக்கு?" என்பார்.

இரை விஷயத்திலும் அவருக்குத் தனிச் சித்தாந்தம் உண்டு. கோடையில் கண்மாய் வற்றியதும், மேயும் ஆடுகளுக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு உள்ளே நடப்பார். ஒவ்வொரு பள்ளமாக நின்று, சொந்தக்காரர் வீட்டு அறையைக் காட்டுவது போல எனக்குக் காட்டுவார்.

"இது கெளுத்தி படுக்கிற எடம். அந்தா, மடைக்கு முன்னால இருக்கே பெரும்பள்ளம், அது வாளையோடது."

மீசை வைத்த மீன் வகையிலேயே பெரியது வாளை. அதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"கெளுத்தி, வாளையெல்லாம் மேல வந்து திங்காது, தம்பி. தரையில வயித்தத் தேச்சுக்கிட்டுப் பள்ளத்து ஓரமாவே போகும். அது போற வழியில எலையப் போட்டாத்தான் பந்தி. நடுக் கண்மாயில வீசுனா யாரு வந்து திம்பா?"

அந்தப் பந்தியில் அவர் பரிமாறியது வெயிலில் மூன்று நாள் ஊறிய கோழிக்குடல். அதில் கருவாட்டுத் தூளைப் போட்டு, சைக்கிள் கடையிலேயே பிசைவார். அதே கையால் சைக்கிளை எடுத்துக் கொடுப்பார். நான் ஏறிப்போன ஏழாம் நம்பர் சைக்கிளின் பின்னாலேயே பூனைகள் பள்ளிக்கூடம் வரை வரும். "சார், ஒங்க வீட்டு ஆளுக வந்திருக்காக" என்று பையன்கள் எழுந்து நின்று சொல்வார்கள்.

இதெல்லாம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, பெண் பார்க்கப் போன நாள் வரை. பெற்றோர் முன்னால் பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு, ஏழாம் நம்பரில் போனேன். பெண் வீட்டுத் தெருவில் ஒரு பெரியவர் கையில் தயிர்ச் செம்போடு எனக்கு முன்னே நடந்துகொண்டிருந்தார். பெல் இல்லை. "கிணிங்" என்று சொல்ல மாப்பிள்ளைக்கு வெட்கம். "ஓரம், ஓரம்" என்று கத்தினேன். எந்த ஓரம் என்று கேட்க அவர் திரும்பினார். இருவரும் விழுந்தோம். தயிர் என் சட்டையில், என் முட்டி கல்லில். எழுந்து பார்த்தால் அவர்தான் பெண்ணின் அப்பா.

அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிப் போய், "பொண்ணு பாக்க வந்தாகளா, என்னைய இடிக்க வந்தாகளான்னு தெரியலையே" என்று மட்டும் சொன்னார். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். என் கையில் கோழிக்குடல் நாற்றம் அடித்தது. அந்த வீட்டுப் பூனை என் மடியில் ஏறி உட்கார்ந்தது. சம்பந்தம் முறிந்தது.

ஊருக்கு வந்ததும் போலீஸ்காரர் ஒருவரிடம், பெல் இல்லாத சைக்கிள்கள் ஓடுவதைப் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். மறுநாள் எல்லாச் சைக்கிளிலும் பெல் ஏறிவிட்டது. பெல்லுக்காரர் வாடிப்போயிருப்பார் என்று நினைத்துப் போனேன். மனிதர் கல்யாண வீட்டுக்காரர் போலச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க வாத்தியார் தம்பி! போலீசுக்குச் சொன்ன மகராசன் நல்லா இருக்கணும். அவன் சொல்லலைன்னா நான் பெல்லோடயே நின்னுருப்பேன். இங்கிட்டு வந்து பாருங்க."

வளைத்துக் கட்டிய மூங்கில் விளாறு ஒன்று. அதன் நுனியில் வெள்ளைத் துண்டு. விளாறை ஒரு முளையில் லேசாக மாட்டி, தூண்டில் கயிற்றை அந்த முளையோடு இணைத்திருந்தார். கயிற்றை இழுத்தால் முளை நழுவும், விளாறு படக்கென்று நிமிரும், துண்டு ஆள் உயரத்துக்கு மேல் பறக்கும்.

"தூங்குனா எப்படிண்ணே தெரியும்?"

"கரையில போறவன் எவனாவது துண்டப் பாத்துக் கத்துவான்ல? ஊரே நமக்குக் காவலு!"

எங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஒரு நாள் குறித்து, கண்மாயை ஊருக்கு விடுவார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் வலையும் மூங்கில் ஊத்தாக் கூடையுமாகக் கரை முழுக்க வந்து நிற்பார்கள். கரைமேல் இருக்கும் கருப்பருக்குப் பூசை நடக்கும். அது முடிந்ததும் ஊர்த் தலைவரான அம்பலம் மேட்டில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகுதான் இறங்கலாம். அதற்கு முன் ஒருவன் கால் நனைத்தாலும் சாமி குற்றம், அடுத்த வருஷம் மழை பெய்யாது என்பது நம்பிக்கை.

அன்று காலை பெல்லுக்காரர் தன் தூண்டில்களை எல்லாம் எடுத்துவிட்டார், மடைக்கு முன்னால் இருந்த ஒன்றைத் தவிர. கண்மாய் சுருங்கிவிட்டதால் வாளை அந்தப் பெரும்பள்ளத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று கணக்கு. ஊர் இறங்கிவிட்டால் அது யார் கையிலோ போய்விடும். நான் வேடிக்கை பார்க்க வந்தவன், பக்கத்தில் நின்றேன்.

"வாத்தியார் தம்பி, பூசை முடியிறதுக்குள்ள கடிச்சுரும். நான் ஓடிப் போயித் துன்னூறு வாங்கிட்டு வாரேன். கொஞ்சம் பாத்துக்கங்க."

அவர் போனார். கரை முழுக்கக் கண்கள். எல்லாக் கண்ணும் ஒரு வெள்ளைத் துணிக்காகக் காத்திருந்தன. என் காலடியில் அந்தக் கயிறு. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். தெரிந்துதான் செய்தேன். முட்டியில் தழும்பு இன்னும் மறையவில்லை, பெண் வீட்டுச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. கயிற்றை ஒரு சுண்டு சுண்டினேன்.

துண்டு பறந்தது.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கரையே பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்தது போல இருந்தது. உடைக்க ஓங்கிய தேங்காயோடு பூசாரி நின்றார். தட்டுப் பிடித்திருந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்பலம் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். துண்டு அங்கேயேதான் இருந்தது.

தண்ணீருக்குப் பாய்ந்த கூட்டத்துக்குக் குறுக்கே ஒரே ஒருவர் கரையோடு ஓடிவந்தார்.

"கடிச்சிருச்சா? தம்பி, கடிச்சிருச்சா?"

அதற்குள் ஆயிரம் கால்கள் அந்த இடத்தை மிதித்திருந்தன. கயிறு அறுந்து, முள் போன இடம் தெரியவில்லை. அறுந்த நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெல்லுக்காரர் கூத்தாடினார்.

"அத்துக்கிட்டுப் போயிருச்சுய்யா! வாளைதான்! இந்தக் கயித்த வேற எது அறுக்கும்?"

அம்பலம் வந்து நின்றார். "யாருய்யா துண்டத் தூக்குனது?"

"மீனுங்க!" என்றார் பெல்லுக்காரர், பெருமை தாங்காமல்.

சேறு பூசிய முகங்கள் எல்லாம் சிரித்தன. அம்பலம் சிரிக்கவில்லை. "மீனு துண்டு வீசித்தான் இந்த ஊரே கண்மாயில எறங்குச்சுன்னு வெளியூர்க்காரன் எகத்தாளம் பேசுவான். அதையும் நான் கேட்டுக்கிருவேன். சாமிக்கு யாருய்யா பதில் சொல்றது? இனிமே நீ தூண்டியோட இந்தக் கரையில கால வைக்கக் கூடாது, ஆமா."

பெல்லுக்காரர் என் பக்கம் திரும்பினார். காப்பாற்றச் சொல்லி அல்ல. தண்டனை இன்னும் அவர் காதில் ஏறவே இல்லை.

"நீங்க பக்கத்துலதான நின்னீங்க? எப்படித் தம்பி இழுத்துச்சு?"

"நான் கவனிக்கலைண்ணே" என்றேன்.

அந்த வருஷம் பார்த்து மழையும் பொய்த்தது. அதுவும் அவர் தலையில் விழுந்தது. சைக்கிள் எடுக்க வருகிறவர்கள், "என்ன பெல்லுக்காரரே, ஒங்க வாளை மேகத்தையும் அத்துக்கிட்டுப் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தூண்டில்கள் கடை விட்டத்தில் ஏறின. மனிதருக்குச் சாயங்காலம் ஆனால் கை கால் நிலைகொள்ளாது. கடைசியில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குட்டிக் கெளுத்தியை வாங்கி விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கி, விழிப்பார். அதன் பிறகு தொட்டியில் குமிழி வந்தால் அது பஞ்சரா மீனா என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. நல்ல டியூபுக்கெல்லாம் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த வாளையின் கதையைச் சொல்வார். அறுந்த கயிற்றுத் துண்டை முருகன் படத்துக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார். கதை முடிவில் மறக்காமல் சொல்வார்: "வாத்தியார் தம்பி பக்கத்துலதான் நின்னாரு. பாவம், அவரு கவனிக்கலை."

நான் வேறு ஊரில் பெண் எடுத்தேன், தலைமையாசிரியர் ஆனேன். அறுபதுகளில் ஒரு வருஷம் நல்ல மழை பெய்து கண்மாய் நிரம்பியது. அடுத்த திருவிழாவுக்கு நாள் குறிக்கச் சாவடியில் ஊர் கூடியபோது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைச் சுண்டியது நான், போலீசுக்குச் சொன்னதும் நான்.

அம்பலம் என் கையைப் பார்த்தார். "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ற கையா இது?" என்றார். பிறகு கருப்பருக்குத் தேங்காய் உடைத்து விழுந்து கும்பிடச் சொன்னார். "பெல்லுக்காரரே, நாளையிலேருந்து நீ தூண்டி போடு. ஒன் மேல குத்தமில்லை." ஊருக்கு அன்று மெத்தச் சந்தோஷம்.

பெல்லுக்காரர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப... மீனு கடிக்கலையா?"

மறுநாள் அவர் கரைக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. தடை நீங்கியும் தூண்டில்கள் விட்டத்திலேயே இருந்தன. தொட்டியில் இருந்த கெளுத்தியை ஊருணியில் விட்டுவிட்டார். முருகன் படத்துக்குக் கீழே கயிறு இல்லை. நான் போனால் முகத்தைச் சுளிக்காமல் சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். பேச்சு மட்டும் இல்லை. ஊர் அவரிடமிருந்து எடுத்தது கரையைத்தான். நான் உண்மையைச் சொல்லி மீனையே எடுத்துவிட்டேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கடையில் போய் நின்றேன். டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாவடியில ஒன்னு சொல்லாம விட்டுட்டேன். நான் சுண்டுனது நெசம். ஆனா நான் கைய விட்டப்புறம் கயிறு தானா ஓடுச்சு. பிடிக்கப் போனேன், வெரலச் சுட்டுருச்சு. அதுக்குள்ள சனம் எறங்கிருச்சு."

தேய்த்த கை நின்றது. "எங்கிட்டு ஓடுச்சு?"

"பெரும்பள்ளத்துப் பக்கமா."

"கண்ணுல பட்டுச்சா?"

"முதுகு மட்டும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"எம்புட்டு இருக்கும்?"

இரண்டு கையையும் விரித்தேன். கண்ணாலேயே அளந்தார். இன்னும் விரித்தேன்.

"அம்புட்டுதானா?"

கை போதவில்லை. கடை வாசலில் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் நடந்து காட்டினேன். "இங்கன தல, அங்கன வாலு" என்றேன். பெல்லுக்காரர் டியூபைக் கீழே போட்டுவிட்டு விட்டத்தைப் பார்த்தார். சாயங்காலம் கண்மாய்க் கரையில் அவர் தூண்டில்கள் நின்றன.

அந்தக் கடைக்கு இரண்டு தூண்தான். இன்னும் பத்துத் தூண் இருந்திருந்தாலும் நடந்திருப்பேன்.