முன்பாய்க்கு ஒரு கழி

வின்ச்சில் கயிறு சிக்கிக்கொண்டபோது ஏரியின் கல் கரைக்கும் படகுக்கும் நடுவே நானூறு அடிகூட இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் கைப்பிடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சிக்கு மேலும் இறுகியது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் சுக்கானைப் பிடித்திருந்த மனைவி.

"ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணும் ஆகலைன்னா உங்க குரல் ஏன் இப்படிக் கம்முது?"

காற்று பின்னாலிருந்து வீசினால் சின்னப் படகின் முன்பாய் துவண்டு தொங்கும். அதன் நுனியை ஒரு கழியால் வெளியே தள்ளி நிறுத்தினால் பாய் விரிந்து படகு பறக்கும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை வின்ச் என்ற உருளையில் சுற்றிவிட்டால் இறுக்கலாம், தளர்த்தலாம். இதையெல்லாம் ஒரு புத்தகத்தில் படித்தவர், போட்டோவைப் பார்த்தே ஒரு படகை வாங்கினார். மூன்று வாரமாகக் கடையை மத்தியானத்தோடு மூடிவிட்டு வந்து, கழியையும் வின்ச்சையும் தன் கையாலேயே பொருத்தினார்.

"இன்னைக்கும் சரியா வரலைன்னா படகை யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு வீட்டுல ஒரு புருஷன் வேணும்" என்று மனைவி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

பாய் விரிந்தது, படகும் பறந்தது. நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

நடுப்பலகையில் உட்கார்ந்திருந்த நர்சம்மா மட்டும் நிதானமாகப் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பிரசவ வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் படகுத்துறைக்கு வந்து, "எப்ப முடியும் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார். இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு மனசு இளகிவிட்டது. "முடிஞ்சதும் முதல்ல உங்களைத்தாம்மா கூட்டிட்டுப் போவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"முன்னாடி போய் கழியைக் கழட்டிட்டா பாய் தானா சுருங்கிடும்" என்று சொல்லிக்கொண்டு அவர் தவழ்ந்தபடியே போனார்.

காற்றின் அழுத்தத்தில் கழி அசையவில்லை. காலால் ஓர் உதை விட்டார். பாய்மரத்தில் அவர் பூட்டிய கொக்கி, திருகாணியோடு பெயர்ந்து வந்தது. விடுபட்ட கழி ஒரு வீச்சு வீசியதில் அவருடைய மூக்குக்கண்ணாடி தண்ணீருக்குள் போய்விட்டது.

"வலது பக்கம் திருப்பு" என்று கத்தினார்.

"எந்த வலது? உங்களுக்கா, எனக்கா?"

அவர் அவளைப் பார்த்தபடி நின்றிருந்தார். யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவள் ஏதோ ஒரு பக்கம் திருப்பிவிட்டாள். நங்கூரம் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே இவர்கள் படகு புகுந்தது. ஒரு படகில் குடை நட்டு ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கடந்தபோது குடை கழி நுனியில் மாட்டி இவர்களோடு வந்துவிட்டது.

"முன்னாடி கறுப்பா என்னமோ தெரியுதே, என்ன அது?" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனைவியைக் கேட்டார்.

"குடை."

"யாரோடது?"

"இப்போதைக்கு நம்மளோடது."

கல் கரை நெருங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடி இல்லாமலே அது அவருக்குத் தெரிந்தது. எழுபது வயது அம்மாளையும் கட்டிய மனைவியையும் கல்லில் மோதவிடத்தான் இந்த மூன்று வாரப் பாடா என்று தன்னையே நொந்தபடி வின்ச்சிடம் தவழ்ந்து திரும்பினார்.

நர்சம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நகருங்க தம்பி." வின்ச்சைக் குனிந்து பார்த்தார். "கொடி சுத்தியிருக்கு."

"என்னதும்மா?"

"கழுத்துல கொடி சுத்தின குழந்தை மாதிரி. இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும். முதல்ல இறுக்கத்தை எடுக்கணும்."

விறைப்பாக நின்ற பாய்க்கயிற்றில், வின்ச்சுக்குச் சற்று முன்னால் இன்னொரு கயிற்றைக் கட்டி, அதன் முனையைக் கணவன் மனைவி கையில் கொடுத்தார். சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து இழுங்க. பல்லைக் கடிக்காதீங்க, மூச்சு விடுங்க. அவ்வளவுதான். இன்னொரு தரம்."

இழுத்தார்கள். வின்ச் பக்கம் கயிறு கொஞ்சம் தொய்ந்தது. நர்சம்மாவின் இரண்டு விரல்கள் சிக்குக்குள் போய் ஒரு சுருளைத் தூக்கின, இன்னொன்றை விலக்கின.

"வந்துருச்சு. இப்ப விடுங்க."

கயிறு உருவிக்கொண்டு ஓடியது. பாய் சோர்ந்து படபடத்தது. நர்சம்மா முழங்காலாலேயே சுக்கானைத் தள்ள, படகு வளைந்து, கல்லுக்கு ஒரு முழம் இடைவெளியில் அடங்கி நின்றது.

பிறகு மனைவி நர்சம்மாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரர் படகைத் தடவிப் பார்த்தார். பாய் ஒரு சாண் கிழிந்திருந்தது, பாய்மரத்தில் நாலு ஓட்டை வாய் பிளந்திருந்தது. இந்த அம்மாள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

"அம்மா, வேற யாரா இருந்தாலும் என்னை இந்நேரம் தண்ணியில தள்ளியிருப்பாங்க. இன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் நீங்கதான் உயிர் குடுத்தீங்க."

"இருக்கட்டும் தம்பி. கை பழகப் பழக வந்துடும். நீங்க பட்ட பாட்டை நான் பார்த்துட்டுதானே இருந்தேன். நன்றி சொல்லணும்னா நான்தான் சொல்லணும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே உங்களுக்கு எப்ப ஆசை வந்தாலும் வாங்கம்மா. என் படகை உங்க படகா நினைச்சுக்கங்க."

நர்சம்மா பிளாஸ்க்கை மூடிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கும் ஒரு படகு இருக்கா தம்பி? அப்புறம் எதுக்கு மூணு வாரமா என் படகை ரிப்பேர் பண்ணீங்க?"