பாய்க்குள் இரண்டு பேர்

ஆக்லாந்து தேவாலயப் பாடகர் குழுவின் முதல் குரலும் நம் குடும்பத்தின் கடைசிச் சொல்லுமாகிய மதிப்பிற்குரிய அக்கா ஃபுவாடினோ அவர்களுக்கு, சவாய் தீவிலிருந்து தம்பி அலாபட்டி பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் பன்றிகளும் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் மாலை ஜெபத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். ஆறாம் வகுப்பை ஒரு முறை படித்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். மூன்று முறை படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை.

உங்கள் மகள் மொயெலாங்கி என்னைப் பற்றித் தொலைபேசியில் என்ன சொன்னாளோ தெரியாது. நான் சொல்வதைக் கேளுங்கள். சென்ற மாதம் அவள் கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பியாவில் ஏதோ நிகழ்ச்சி என்று வந்து, நம் வீட்டு மெல்லிய பாயைக் கேட்டாள். பெரியம்மா காலத்தில் நெய்தது, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது, அதேதான். கேட்டது அக்கா மகள். கொடுத்தேன். “வெள்ளிக்கிழமை வாங்க மாமா, நான் என்ன வேலை செய்றேன்னு ஒரு தடவையாவது பாருங்க” என்றாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டர் மனைவி ரூட்டா, தானும் வருவேன் என்றார். அவர் வந்தால் மாதர் சங்கமே வரும். ஒரு பேருந்து நிறைய, ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து, கப்பலில் கடலைக் கடந்தோம். கப்பல் தலைவன் என்னைக் கண்டதும் சங்கு ஊதினான். கப்பல் கிளம்பும்போது எப்போதும் ஊதுவதுதான் என்று பேருந்து ஓட்டுநர் சொல்கிறான், அவனுக்குப் பொறாமை.

அவள் சொன்ன கலைக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. வாசல் புல்வெளியில் ஆயிரம் பேர் வட்டமாக நிற்கிறார்கள். (நாற்பது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.) நடுவில் நம் பாய். பாய்க்குள் ஓர் ஆள், தலை குனிந்து, கல் போல. வெளியே நீட்டியிருந்த கால் விரலைப் பார்த்தேன். மொயெலாங்கி.

அக்கா, நீங்களே சொல்லுங்கள். நம் ஆட்களில் ஒருத்தி மெல்லிய பாயைப் போர்த்திக்கொண்டு பிறர் வாசலில் உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம்? இஃபோங்காதானே? குடும்பத்தில் யாரோ பெரிய குற்றம் செய்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு, தூக்காவிட்டால் கல்லடி. அதை ஒரு பெண் தனியாகச் செய்ய, குடும்பத் தலைவன் நான் ஓரமாக நின்று எண்ணெயில் பொரித்த பனிகேகே தின்பதா? கையிலிருந்த பனிகேகேயை ரூட்டாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து தவழ்ந்து பாய்க்குள் புகுந்தேன். மாதர் சங்கத்தில் பாதி பேர் அங்கேயே மண்டியிட்டு அழத் தொடங்கிவிட்டார்கள்.

“யாரு?”

“உன் மாமாதான். நகர்ந்து உக்காரு.”

“மாமா, வெளிய போங்க. வேலை நடக்குது.”

“யாரைக் கொன்னே?”

“யாரையும் கொல்லல.”

“வண்டி ஏத்திட்டியா? எந்தக் குடும்பம்? சொல்லு, ஈடு கொடுக்கப் பன்றிக்கு ஆள் அனுப்பணும்.”

“ஐயோ, இது கலை, மாமா.”

“கலையோ கொலையோ, பெரியவன் இல்லாம நீ மட்டும் உக்காரக் கூடாது. பேசாம தலையைக் குனி.”

பேசாமல் குனிந்தாள். நானும் குனிந்தேன். உள்ளே ஒரே புழுக்கம். வெளியே ஒரு சத்தமில்லை. அப்படி உட்கார்ந்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? தன் தப்பெல்லாம் வரிசையில் வந்து நிற்கிறது. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒருவேளை கண்டுபிடிக்கப்பட்டது என் குற்றம்தானோ?

“நர்ஸ் விஷயமா?” என்றேன்.

“எந்த நர்ஸ்?”

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. பதினோரு வருடமாக ஊரில் மொயெலாங்கியை நர்ஸ் என்று சொல்லிவைத்திருப்பதைச் சொல்லிவிட்டேன்.

“பதினோரு வருஷமாவா?”

“முதல்ல நர்ஸ்தான். இப்போ ஆபரேஷன் வரைக்கும் போயிடுச்சு.”

“அதான் ஊர்ப் பாட்டிங்க எல்லாம் என்கிட்ட காலை நீட்டிக் காட்டினாங்களா?”

ஆம் அக்கா. அவள் ஏழு வருடத்துக்கு முன் வந்தபோது வீங்கிய கால், வெடித்த கால் என்று நாற்பது பேர் வரிசையில் நீட்டினார்களே, அவளும் பாசம் என்று நினைத்து நாற்பதையும் படம் எடுத்தாளே, அந்தப் படங்கள்தானே வெலிங்டன் முதல் ஹோனலூலு வரை தொங்கி அவளுக்குப் பேர் வாங்கித் தந்தன? அந்தப் பேருக்கு அஸ்திவாரம் என் பொய். நன்றி எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் குரல் மாறிவிட்டது.

“கலைஞர்னு சொன்னா உங்களுக்கு என்ன மாமா கொறஞ்சு போகுது?”

“என்ன வரையறான்னு கேப்பாங்க. நீ வரையறதும் இல்லையே. நர்ஸுன்னா ஒரே வார்த்தை, வேலை முடிஞ்சுது.”

“எல்லா ஊர்லயும் என் பேர் தெரியும். என் ஊர்ல மட்டும் நான் ஊசி போடறவ.”

அப்போது வெளியிலிருந்து ரூட்டாவின் குரல் கேட்டது: “அப்போ என் முட்டிக்கு மருந்து சொல்லி அனுப்பினது யாரு?”

நான் உள்ளேயிருந்து, “அதுவும் நான்தான்” என்றேன். அப்போதுதான் கவனித்தேன், என் குரல் புல்வெளியின் இரு மூலையிலிருந்தும் இடிபோல் திரும்பி வந்தது. மூச்சுச் சத்தம் ஊருக்குக் கேட்க வேண்டும் என்று உங்கள் மகள் பாய்க்குள் விரல் பருமனில் ஒரு மைக்கைத் தைத்து வைத்திருந்தாள். இதை முன்பே என்னிடம் சொல்லாதது யார் குற்றம்?

மொயெலாங்கி பாயிலிருந்து நழுவி வெளியேறினாள். இப்போது பாய்க்குள் குற்றவாளி நான். வெளியே பாதிக்கப்பட்டவள் அவள். தூக்க வேண்டிய கை அவளுடையது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ரூட்டா வந்து, “முட்டியில எனக்கும் பங்கு இருக்கு, என் பக்கத்து ஓரத்தை நான் தூக்கட்டுமா?” என்றார். “தொடாதீங்க” என்றாள் உங்கள் மகள். தங்கள் ஊர்க் கண்காட்சிக்குக் கலைஞர்களைத் தேர்வு செய்யப் பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், “இது எவ்வளவு நேரம் நடக்கும்?” என்று கேட்பது எனக்குக் கேட்டது. “தெரியல” என்று சொன்ன மொயெலாங்கியின் குரல் உடைந்திருந்தது. ஐந்து மணிக்கு வாயிற்காவலர் வந்து, கேட்டைப் பூட்ட வேண்டும் என்று பாயை உருவினார். அது செல்லாது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்று வாரமாக அவள் நம் வீட்டில்தான் இருக்கிறாள். கோகோ கலக்கித் தருகிறாள், முகம் பார்ப்பதில்லை. “சாப்பாடு” என்பாள், அதோடு சரி. ஊர் முழுக்கப் போய், “அவள் கலைஞர், நான் பொய்யன்” என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை, நான் சொன்னதாலாம். இதற்கிடையில் பிரிஸ்பேன் அம்மாள் கடிதம் போட்டிருக்கிறாள்: அங்கே கண்காட்சி நடக்கும் பத்து நாளும் நாங்கள் இருவரும் அதே மாதிரி செய்ய வேண்டும், கடைசி வரை பாய் தூக்கப்படக் கூடாது. மொயெலாங்கியின் வேலையிலேயே இதுதான் பெரிய அழைப்பாம். அவள் என்னை வா என்று கேட்கவில்லை. முதலில் பாயைத் தூக்கட்டும், பிறகு வருகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். குடும்பத்தில் உங்கள் சொல்லை மீறும் தைரியம் யாருக்கும் கிடையாது. அவளை அழைத்து, மாமாவை மன்னி என்று நாலு வார்த்தை கடிந்து சொல்லுங்கள்.

உங்கள் குரலும் முட்டியும் நூறு வருடம் உறுதியாக இருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
எந்தத் தப்பும் செய்யாத தம்பி,
அலாபட்டி

பின்குறிப்பு: இதை மேசையில் வைத்துவிட்டு, ஈத் தொல்லைக்குப் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு சற்றுக் கண் அயர்ந்தேன். யாரோ போர்வையைத் தூக்கினார்கள். மொயெலாங்கி. கடிதம் அவள் கையில். ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “எந்திரிங்க மாமா, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போகணும். இந்தச் சட்டை வேணாம்” என்றாள். மூன்று வாரத்தில் இவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. போர்வை பாயாகுமா என்று நீங்கள் பாஸ்டரிடம் விசாரிக்க வேண்டாம். அவளையும் கடிந்துகொள்ள வேண்டாம். மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். பிரிஸ்பேனிலிருந்து யாராவது கேட்டால் மட்டும், மாமாவுக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். எங்கள் தொழிலே அதில்தான் இருக்கிறது.