பட்டப்பகலில் நாற்பது பல்பு

தண்ணீர் கொடுத்தவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எங்கேயாவது மலைமேல் ஓர் அணை கட்டியிருந்தால், அதன் பக்கத்து ஊருக்குப் போய்ப் பாருங்கள். ஐம்பது வயதை நெருங்குகிற, தொப்பை லேசாக எட்டிப் பார்க்கிற, பேசும்போது எதிரில் இருப்பவர் மூக்கில் படும்படி கையை வீசுகிற ஒருவர் அங்கே இருப்பார். அவர்தான். அணைக்கு அவர் ஒரு கூடை மண்கூடச் சுமந்திருக்க மாட்டார். கட்டும்போது அவருக்கு நான்கு வயது. ஆனாலும் இந்தத் தீவில் எந்த மூலையில் ஒரு பல்பு எரிந்தாலும், தன் கையால் மொண்டு ஊற்றிய தண்ணீரில்தான் அது எரிகிறது என்பது அவர் எண்ணம்.

எங்கள் நவுனிவை ஊரில் இந்த இனத்தின் முதல்தரச் சரக்கு, ஊர்த்தலைவர் நெமானி. மற்ற முப்பது வீடுகளிலும் இருப்பவை இரண்டாம் தரம். இதை எழுதுகிறவனும் அதில் அடக்கம்.

நெமானி தலைநகர் சுவாவுக்குப் போனால் தங்கை தித்திலியா வீட்டில் தங்குவார். வாசலில் கால் வைத்ததும் மற்றவர்கள் குழந்தைகளைப் பார்ப்பார்கள், இவர் கூரையைப் பார்ப்பார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிகிறதா? அணைப்பார். ஆளிருக்கும் அறையில் இரண்டு எரிகிறதா? ஒன்றை அணைப்பார். ஒருமுறை குளியலறை விளக்கை அணைத்துவிட்டு நகர, உள்ளே தலையில் சோப்போடு நின்றிருந்த தங்கை கணவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. இவர் அசரவில்லை. "எங்க தண்ணிப்பா அது. சும்மா வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். சீனர் கடைக்குப் போனால் குளிர்பெட்டியின் கதவில் கையை வைத்து, "நல்லா ஓடுதா?" என்று விசாரிப்பார், கட்டிக் கொடுத்த மகளைப் பற்றிக் கேட்பது போல. கடைக்காரர் தலையை ஆட்டினால் மனம் நிறைந்து திரும்புவார். எதுவும் வாங்கமாட்டார்.

மின்சாரம் போய்விட்டால்தான் அவருடைய மகத்துவம் இன்னும் நன்றாகத் தெரியும். பஸ் நிலையத்தில் ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருப்பார்கள். யாரை என்று அவர்களுக்கே தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் அந்தத் திட்டையெல்லாம் இவர் வாங்கிக்கொள்வார். மலையில் இந்த மாதம் மழை குறைவு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் சரியாக அனுப்பிவிடுவோம் என்று சமாதானம் சொல்வார். திட்டியவர்கள் இந்த ஆள் யார் என்று முழிப்பார்கள்.

சரி, இப்பேர்ப்பட்டவர் வீட்டில் எத்தனை விளக்கு? ஒன்று. மண்ணெண்ணெய் விளக்கு.

எங்கள் ஊருக்கு நேர் மேலே, மலை முகட்டில், இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நடந்து போகின்றன. அவற்றில் தொங்கும் கம்பி வழியாகத்தான் நகரத்துக்கு மின்சாரம் போகிறது. எங்களுக்கு அதன் நிழல் மட்டும் உண்டு, அதுவும் காலையில். அந்தக் கம்பியில் ஓடுவது ஊரையே கொளுத்திவிடக்கூடிய மின்சாரம். அதை அடக்கி வீட்டுக்கு இறக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும், கம்பங்கள் வேண்டும், மனு வேண்டும். முதல் இரண்டும் வரவில்லை. மனுவை மட்டும் பதினாறு வருடமாகக் குறைவில்லாமல் எழுதிவந்தோம்.

இதில் உண்மையாகவே தவித்தவர் ஒருவர்தான், நெமானியின் மனைவி உனைசி. ஊரின் சுகாதாரப் பணியாளர் அவர். குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தை நகர ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மணி நேரம் நடந்து வருவார். போன மழைக்காலத்தில் ஆறு பெருகி, அக்கரையிலேயே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, ஐஸ் உருகி, பதினோரு குழந்தைகளுக்கான மருந்தை மண்ணில் கொட்டினார். அதில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை போட்டுப் பிழைத்ததே பெரும்பாடாயிற்று. அந்தக் குழந்தைகளின் தாய்மாரை இன்றைக்கும் உனைசியால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர்ப் பெயர் ஒட்டி ஒரு குளிர்பெட்டி தயாராக நிற்கிறது. கம்பி வந்த மறுநாள் எடுத்துக்கொண்டு போம்மா என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் மின்சார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விளக்கில்லாத ஊர்கள் எவை என்று நேரில் பார்த்து இந்த வருடப் பட்டியலில் சேர்க்க, புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு அதிகாரி சகியாசி வருகிறார். கடிதத்தை உனைசி இரண்டு முறை படித்துவிட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நெமானி ஒரே முறை படித்தார். அதிகாரி எந்த ஊர்க்காரர் என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

கடற்கரைக்காரர்.

எங்கள் மலைக்கும் அந்தக் கடற்கரைக்கும் கேலிமுறை. பிறக்கும்போதே ஒருவருக்கொருவர் மச்சான். பார்த்ததும் காலை வாரிவிடாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அணைக்காரன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு என்கிற சேதி ஒரு கடற்கரைக்காரன் கையில் கிடைத்தால், அதை வைத்துக்கொண்டு அவன் பேரன் காலம் வரைக்கும் சிரிப்பார்களே. அன்றைக்கே நெமானி ஊரைக் கூட்டினார்.

ஊர்க்கூடத்தில் லேசாக மயக்கும் யங்கோனா வேரை இடித்துக் கரைத்து வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தோம். மூன்றாவது சுற்றுச் சிரட்டை முடிந்தபோது நெமானி தொண்டையைக் கனைத்தார். விருந்தாளியை இருட்டில் உட்காரவைப்பது நம் பரம்பரைக்கு அழகா என்று கேட்டார். அழகில்லை என்றோம்.

"பகல் பதினோரு மணிக்கு எங்கங்க இருட்டு?" என்றார் வாசலோரம் இருந்த உனைசி. "அவரு வர்றதே நம்ம இருட்டப் பாக்கத்தான். இருக்கறத இருக்கற மாதிரி காட்டுங்களேன்."

"வர்றவன் மொதல்ல நம்மள மதிக்கட்டும் உனைசி. அப்புறம் கேட்டா மறுக்க மாட்டான்."

எவ்வளவு நியாயமான பேச்சு என்று நாங்கள் தலையை ஆட்டினோம். யங்கோனா உள்ளே போனால் எங்களுக்கு எல்லாமே நியாயமாகப் படும். போகாவிட்டாலும் அப்படித்தான்.

மர அறுவை மில்லிலிருந்து ஒரு ஜெனரேட்டரை இரவல் வாங்கி, எட்டுப் பேர் மூங்கிலில் கட்டி ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்தோம். நகரத்தில் கல்யாணப் பந்தல் போடும் இந்தியர் கடையில் நாற்பது பல்பு வாடகைக்கு எடுத்தோம். ஜெனரேட்டரை விருந்தாளி பார்த்துவிடக் கூடாது என்று தேவாலயத்துக்குப் பின்னால் வைத்தோம். பார்க்கமாட்டார், சரி, கேட்பாரே? அதற்கும் நெமானியிடம் யோசனை இருந்தது. பாடகர் குழுவை உள்ளே நிறுத்திப் பாடவைத்தார். ஜெனரேட்டர் ஒரே சுருதியில் உறுமியது. குழுத்தலைவர் அதே சுருதியில் பாட்டைப் பிடித்துக்கொண்டார். நிஜத்தைச் சொன்னால், எங்கள் குழு அதுவரை அவ்வளவு சுருதி சுத்தமாகப் பாடியதே இல்லை.

புதன்கிழமை சகியாசி முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். முறைப்படி யங்கோனா வேர்க்கட்டை எங்கள் முன்னால் வைத்து வணங்கினார். நெமானி அதை வாங்கிக்கொண்டு, மலையில் தொடங்கி மழைக்கு வந்து, மழையில் தொடங்கி அணைக்கு வந்து, நாட்டின் ஒவ்வொரு விளக்குக்கும் நவுனிவை செய்த உபகாரத்தை அரைமணி நேரம் எடுத்துரைத்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் நாற்பது பல்பும் எரிந்தன. எரிகின்றனவா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்; அதற்கென்று சகியாசியை ஒவ்வொன்றின் பக்கத்திலும் நெமானி கூட்டிக்கொண்டு போனார்.

சகியாசிக்கு எங்கேயோ இடித்தது. "கம்பத்தக் காணோமே மச்சான்?" என்றார். புயலில் சாய்ந்துவிடாமல் இருக்கக் கம்பியை ஈரப்பலா மரத்திலேயே கட்டிவிட்டோம் என்றார் நெமானி. மீட்டர் எங்கே என்று அவர் கேட்டார். உள்ளே இருக்கிறது என்றார் இவர். எதற்குள்ளே என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கையிலிருந்த படிவத்தில் பேனா தொடாமல் நின்றது. மெல்லத் திரும்பி, கம்பி போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டு தேவாலயப் பக்கம் இரண்டடி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து டீசல் தீர்ந்தது.

நாற்பதும் ஒன்றாக அணைந்தன. சுருதியை இழந்த பாடகர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த மீனை ஏந்திக்கொண்டு வந்த உனைசி வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லோர் கண்ணும் நெமானி மேல். கடவுளே இறங்கிவந்து கொடுத்த சந்தர்ப்பம் அது. இதெல்லாம் இரவல், மன்னித்துக்கொள் மச்சான் என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுக் கம்பி போட்டிருப்பார்கள்.

நெமானி அலட்சியமாக ஒரு கொட்டாவி விட்டார். "பாத்தீங்களா மச்சான், உங்க ஆளுங்க லட்சணத்த. பத்து நாளா இதே கததான். வருது, போகுது."

சகியாசியின் முகத்திலிருந்த சந்தேகம் முழுவதும் வடிந்து, அந்த இடத்தில் வெட்கம் ஏறியது. அலுவலகத்தின் சார்பில் தலையைக் குனிந்தார். "மன்னிச்சுக்கங்க மச்சான். கம்பம் இல்லையேன்னு கொஞ்சம் யோசிச்சேன். இப்படிப் போகுதுன்னா அது எங்க கம்பியேதான்."

பேனா ஓடியது. நெமானி கையெழுத்துப் போட்டார், அடியில் இரண்டு கோடும் இழுத்தார். நல்ல காரியம் முடிந்தால் செய்கிற வழக்கப்படி நாங்கள் உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டினோம். கடற்கரையை ஜெயித்துவிட்டோம் அல்லவா?

விருந்தாளி முன்னால் கணவரை மறுத்துப் பேசும் பழக்கம் உனைசிக்கு இல்லை. மீனைப் பரிமாறினார். முள் எடுத்துக் கொடுத்தார். சகியாசி சாப்பிட்டுவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் நிறுத்தியிருந்த வண்டியை நோக்கிக் கிளம்பிய பிறகுதான் உனைசி வாயைத் திறந்தார்.

"அதுல என்ன எழுதியிருந்ததுன்னு படிச்சீங்களா?"

படிக்கவில்லை. படித்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் இனத்துக்குப் பழக்கமில்லை.

"'ஊரில் மின்சாரம் உண்டு, அடிக்கடி தடைபடுகிறது.' இதான் எழுதியிருக்காரு. மீன வைக்கும்போது பாத்தேன்." உனைசி ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "ஓடுங்க. இன்னும் வண்டிய எடுத்திருக்க மாட்டாரு. எனக்காக வேணாம், அந்தப் புள்ளைங்களுக்காக ஓடுங்க."

ஓடினார். இருபது வருடத்தில் நெமானி ஓடி நாங்கள் பார்த்தது அன்றுதான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஓடினார், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கிளம்பிப் போகிற விருந்தாளியிடம் வெறுங்கையோடு போய் நிற்பதா? வழியில் என் தோட்டத்துச் சேப்பங்கிழங்கில் நாலைப் பிடுங்கிக்கொண்டார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறி, மூச்சு வாங்க, வண்டிச் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான், எதையாவது மறந்துட்டேனா?" என்றார் சகியாசி. நெமானிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூச்சு மட்டும் திரும்ப வேண்டும். அதற்குள் சகியாசி மனம் நிறைந்து சிரித்தார். "எங்க ஊருல போய்ச் சொல்லணும், அணைக்காரங்கன்னா சும்மா இல்லன்னு."

நெமானி கிழங்கைச் சன்னலுக்குள் நீட்டினார். "ஒண்ணுமில்ல மச்சான். இது உங்க வீட்டுக்கு."

வண்டி போய்விட்டது. நனைந்த வேட்டித்துணியைப் பிழிந்துகொண்டு, உனைசி ஊருக்கு மருந்து கொடுக்கும் குடிசைக்கு வந்தார். உனைசி வாசலிலேயே காத்திருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

உனைசி கணவரின் ஈரக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து குடிசையின் ஒரு மூலையைப் பெருக்கினார். பஞ்சுப் பெட்டிகளை நகர்த்தினார். குளிர்பெட்டிக்கு இவ்வளவு இடம் போதும் என்று சாண் போட்டு அளந்தார். தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருக்கிறதே, மட்டம் பண்ணிக்கொடுங்கள் என்றார். நெமானி மண்டிபோட்டு உட்கார்ந்து இடித்தார். அவமானத்தில் இரண்டு காதும் எரிந்தன; நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை; ஆனாலும் மட்டம் பார்த்துப் பார்த்து, அரை அங்குலம்கூடச் சாயாமல், மாலை வரைக்கும் இடித்தார்.

இப்படியும் ஒரு மனிதனா என்று நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. தாராளமாகக் கடியுங்கள். கடித்து முடித்துவிட்டு ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டு மாதமாகத் தூங்கவிடாத வலியோடு போய் டாக்டர் எதிரில் உட்கார்ந்து, "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்றது யார்? எல்லாம் செய்து கொடுக்கக்கூடிய ஒருவர் வீடு தேடி வந்து, ஏதாவது குறை உண்டா என்று வாய்விட்டுக் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, மொதல்ல காப்பி சாப்பிடுங்க" என்று கடன் வாங்கிய சர்க்கரையை இரண்டு கரண்டி கூடப் போட்டது யார்? பதில் சொல்ல வேண்டாம். எழுந்து வீட்டுக்குள் போங்கள். நீங்கள் கேட்டு வாங்கிவிட்டீர்கள் என்று நம்பிக்கொண்டு, யார் எந்த மூலையைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.