வாய்க்காலுக்கு ஒரு சுகவீன அறிவித்தல்

திருகோணமலையில் காலமானாருக்குத் தெரியாமல் ஒருவரும் செத்ததில்லை.

காலமானார் என்பது, எங்கள் துறைமுகப் பக்கத்தில் மரண அறிவித்தல் சொல்லும் அண்ணையின் பட்டப்பெயர். ஓட்டோக் கூரையில் இரண்டு ஒலிபெருக்கி, கையில் மைக், தொண்டையில் நிரந்தரத் துக்கம். அவருக்கு இருந்தது அந்த ஒரு குரல்தான். ஒருமுறை புடவைக்கடை ஒன்று மலிவு விற்பனைக்கு அவரைப் பிடித்தது. ‘அனைத்துச் சேலைகளும் பாதி விலையில்’ என்று அவர் சொன்ன சோகத்தில், சனம் வந்து வெள்ளைச் சேலைகளை மட்டும் வாங்கிக்கொண்டு போனது.

தொழிலில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணால் பார்க்காமல் சாவு சொல்லமாட்டார். உப்புவெளியில் ஒரு பெரியவருக்கு அறிவித்தல் சொல்லக் கேட்டு மருமகன் வந்தபோது, இவர் முதலில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். பெரியவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “இன்னும் நேரம் கிடக்கு தம்பி,” என்று மருமகனின் தோளில் தட்டிவிட்டு வந்தாராம்.

நான் அவரிடம் போனது ஆய்வுக்காக. சுற்றாடல் பிரச்சினைகளை வெவ்வேறு ஊடகங்கள் எப்படிச் சொல்கின்றன என்பது என் பட்டப்படிப்புக்கு நான் எடுத்த தலைப்பு. மகளுக்கு மூன்று வயது. அவள் நேர்சரியில் இருக்கும் நேரம்தான் என் பல்கலைக்கழகம். உதாரணத்துக்கு நான் எடுத்தது, அந்த நேர்சரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிளாஸ்ரிக்கும் கோழி இறகும் அடைத்து அது நின்றுபோய்க் கனகாலம். நுளம்புக்கடி பெருகிவிட்டது. மாரிக்கு முன் துப்பரவாகாவிட்டால் நேர்சரியைப் பூட்டவேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டார். அது பூட்டினால் என் படிப்பும் பூட்டு.

பத்திரிகையில் செய்தி வந்தது, வேறு ஊர் வாய்க்காலின் படத்தோடு. வானொலியில் ஒரு நிபுணர் வட துருவத்தில் தொடங்கினார். எங்கள் ஒழுங்கைக்கு வந்துசேர முன் நேரம் முடிந்துவிட்டது. பேஸ்புக்கில் நான் போட்ட படத்துக்கு அழுகை முகங்கள் குவிந்தன. ‘படம் நல்லா வந்திருக்கு அக்கா’ என்று ஒரு பாராட்டும் கிடைத்தது. நான் ஒட்டிய சுவரொட்டி கச்சான் காற்றில் கழன்று வாய்க்காலுக்குள்ளேயே விழுந்தது. ‘குப்பை கொட்டாதீர்’ என்ற வரி மட்டும் மேலே தெரிய, மூன்று நாள் கிடந்தது. அந்தக் கிழமை குப்பை போட்டவள் நான்தான்.

கடைசி ஊடகமாகக் காலமானாரிடம் போனேன். போவது சரியா பிழையா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சம்மதப் படிவத்தை நீட்டினேன்.

“என்ன தங்கச்சி, எனக்கு ஒப்பரேசனா?”

“இல்லை அண்ணை, பல்கலைக்கழக விதிமுறை.”

கையெழுத்து வைத்தார். நான் எழுதிக் கொண்டுபோன அறிவித்தலை வாசித்தார். முகம் விழுந்துவிட்டது.

“இதில உறவுமுறை ஒண்டும் இல்லையே.”

“இது குப்பை பற்றினது அண்ணை.”

“சனம் அறிவித்தல் கேக்கிறது செத்தவருக்காக எண்டு நினைச்சீங்களோ? தன்ர பேர் வருதா எண்டு கேக்கத்தான். பேர் விடுபட்டா அந்தக் குடும்பம் பத்து வருசத்துக்குக் கதைக்காது.”

நான் படித்த எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் இது இருக்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

“அப்ப, வாய்க்கால் காலமானார் எண்டு சொல்லுவமோ?” என்று கேட்டேன்.

“முதல்ல பாக்கோணும்.”

வந்து கரையில் அரைமணி நேரம் குந்தியிருந்தார். கடைசியில் ஒரு போத்தலுக்குள் இருந்து சின்ன நண்டு ஒன்று வெளியே வந்து அவரைப் பார்த்தது.

“உயிர் கிடக்கு. செத்ததெண்டு சொல்ல ஏலாது. சுகவீனம் எண்டு சொல்லலாம்.”

இரண்டு நாள் வீடு வீடாகப் போய் உறவுமுறை சேர்த்தார். மூன்றாம் நாள் காலை, குசினியில் நின்ற நான் அடுப்பை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

“மழையைப் பிறப்பிடமாகவும் எமது ஒழுங்கையை வசிப்பிடமாகவும் கொண்ட வாய்க்கால் அவர்கள் கடும் சுகவீனமுற்றுள்ளார். இவர், நேர்சரி ரீச்சரின் அன்பு அயலவரும், சலீம் நானாவுக்குச் சிறுவயதில் நீச்சல் பழக்கியவரும், தையல்கார ராசனுக்கு முதல் மீனைத் தந்தவரும் ஆவார். பார்வையாளர் நேரம் மாலை நாலு தொடக்கம் ஆறு வரை. பார்க்க வருவோர் வழமையான தோடம்பழத்தைத் தவிர்த்து மண்வெட்டி கொண்டுவரவும்.”

நோயை விளையாட்டாக்கிவிட்டேனோ, யாரும் கோபிப்பார்களோ என்று நாலு மணி வரை சோறு இறங்கவில்லை. நாலு மணிக்குப் பெயர் வந்த அத்தனை குடும்பமும் மண்வெட்டியோடு நின்றது. சலீம் நானாவின் மனைவி, எதற்கும் இருக்கட்டும் என்று தோடம்பழமும் கொண்டுவந்திருந்தார்.

கோபித்தது ஒரே ஒருவர். இறகு கொட்டும் கோழிக்கடை முதலாளி. அடுத்த நாள் ஓட்டோவை மறித்தார்.

“முப்பது வருசமா இந்தக் கரையில கடை வச்சிருக்கிறன். நேற்று வந்த தையல்காரனுக்குப் பேர். எனக்கு இல்லையோ?”

“நோயாளியப் பாக்க வந்தனீங்களா?”

“வரேல்லை.”

“பாக்க வராத ஆளை நான் என்ன முறை எண்டு சொல்லுறது?”

அன்று மாலை முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, தன் இறகைத் தானே அள்ளி உரப்பைகளில் கட்டினார். மறுநாள் காலை, ‘கோழிக்கடை முதலாளியின் நெருங்கிய குடும்ப நண்பரும்’ என்று வந்தது. முதலாளி கடை வாசலில் நின்று இரண்டு தரம் சொல்லவைத்தார்.

அதன்பிறகு ஊரே பெயருக்கு அலைந்தது. தினமும் நோயாளியின் நிலைமை ஒலிபரப்பாகியது. “நோயாளியின் வயிற்றிலிருந்து ஒரு மெத்தை அகற்றப்பட்டது.” “நோயாளி இன்று சற்று அசைந்தார்.” நான் கடிதம் எழுதி எழுதி வராத குப்பை ட்ரக்டரும் வந்தது. ட்ரைவர் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “அண்ணை, என்ர பேரும் வருமோ?”

மாரி தொடங்கிய அன்று வாய்க்கால் உண்மையாகவே ஓடியது. ஒழுங்கைச் சனம் முழுக்க நனைந்துகொண்டு, தண்ணீர் துறைமுகத்துக்குள் போய் விழும்வரை பின்னால் நடந்தது. மகள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கையைத் தட்டினாள். பரிசோதகர் குடையோடு வந்து பார்த்தார். நேர்சரி நடக்கலாம் என்று எழுதினார். போகும்போது மெதுவாகத் தன் முழுப்பெயரையும் சொல்லிவிட்டுப் போனார்.

பூரண சுகமடைந்த அறிவித்தலையும் காலமானார் அதே குரலில்தான் சொன்னார். அடுத்த ஒழுங்கையில் இரண்டு பேர் அழுதார்கள். எங்கள் ஒழுங்கையில் பட்டாசு கொளுத்தி, கடதாசியைக் கூட்டியும் அள்ளினோம்.

ஆய்வு நல்ல பெறுபேற்றோடு தேறியது. அட்டை கட்டுவதற்கு முன் அச்சுப்பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அவர் மற்றப் பக்கங்களைப் புரட்டவே இல்லை. நேரே நன்றியுரைக்குப் போனார். அவருடைய சொந்தப் பெயரை அப்போதுதான் முதல்முறை கேட்டு எழுதியிருந்தேன். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஊரில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது.

விரலை வைத்துத் தன் பெயரைத் தேடிப் பிடித்தார்.

“பேர் இருக்கு தங்கச்சி. உறவுமுறை எங்க?”

பேனையை எடுத்து, அச்சடித்த பெயருக்குப் பக்கத்தில் ‘என் மகளின் மாமா’ என்று கையால் எழுதினேன். அப்படி எழுதலாமா என்று விதிமுறைப் புத்தகத்தில் நான் இன்றுவரை பார்க்கவில்லை.